பாக்ஸ் பதிந்தது பாக்ஸுக்கே: எச்டி டிவியை வீட்டில் ரெக்கார்டு செய்வது பற்றி

பாலமேட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பா வளர்க்கும் காளை இந்தத் தையில் அலங்காநல்லூர் வாடிவாசலில் இறங்கியிருக்கிறது. டிவியில் நேரலை. வீட்டு எச்டி செட்டாப் பாக்ஸில் 64 ஜிபி பென்டிரைவைச் செருகி, காலையிலிருந்தே ரெக்கார்டு போட்டுவிட்டார்கள். பாக்ஸில் போட்டால் அருமையாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பவேண்டும். அடுத்த தைக்கும் இப்படி ஆகக்கூடாது. எச்டியை வீட்டில் பதிந்துவைக்க என்னதான் வழி? இதுதான் கேள்வி.

தம்பி, முதல் வேலை: ஃபார்மேட் கேட்கும் அந்த இடத்தில் "ஆம்" கொடுத்துவிடாதீர்கள். பென்டிரைவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது என்னவென்றால், முதல் நாள் நீங்கள் பென்டிரைவைச் செருகியபோதே பாக்ஸ் அதைத் தன் வசதிக்கு ஃபார்மேட் செய்திருக்கும். ரிமோட்டில் ஓகே அழுத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. விண்டோஸுக்குத் தெரியாத முறையில் அது டிரைவைப் பிரித்து வைக்கும். அது ஒரு பூட்டு. அதை லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிடலாம், ஃபைல்கள் தெரியவும் கூடும். ஆனால் உள்ளே இன்னொரு பூட்டு இருக்கிறது. படத்தை எழுதும்போதே பாக்ஸ் அதை மறைகுறியாக்கி எழுதுகிறது. அதைத் திறக்கும் சாவி அந்த ஒரு பாக்ஸின் சிப்புக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டில் அதே கம்பெனி, அதே மாடல் பாக்ஸ் இருந்தாலும் ஓடாது. "ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாடத்தை நான் சொந்தக் காசில் படித்தேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் ஆடியதை ஒரு சேனலில் மூன்று நிமிடம் காட்டினார்கள். பாக்ஸில் பதிந்து, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடம் கழித்து பாக்ஸில் பவர் போனது. கம்பெனி ஆள் வந்தார், பத்து நிமிடத்தில் புதுப் பாக்ஸை மாட்டினார், பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஹார்ட் டிஸ்க்கைப் புதுப் பாக்ஸில் செருகினால், "இந்தச் சாதனத்தை ஃபார்மேட் செய்ய வேண்டும்". வீட்டம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "பூராம் போச்சா? ஊரு பூராம் ரிப்பேர் பாக்குறீக, இது தெரியாதா?" தெரிந்திருக்கவேண்டியதுதான்.

துபாய் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஜல்லிக்கட்டை நேரலை காட்டும் சேனல்களில் பல அதை யூடியூப்பிலும் ஓட்டுகின்றன. நேரலை முடிந்ததும் பெரும்பாலும் முழு வீடியோவும் அங்கேயே கிடக்கும். நீங்கள் பார்த்த சேனலின் பக்கத்தில் தேடி, காளை இறங்கும் விநாடியில் நிறுத்தி, பகிர்வில் "இந்த நேரத்திலிருந்து தொடங்கு" என்பதை டிக் செய்து லிங்க்கை அனுப்புங்கள். காளை வாடிவாசலைத் தாண்டித் தெறித்து வெளியேறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்காக முழுப் பதிவையும் உடைக்க மெனக்கெட வேண்டாம். சேனல் அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பதுதான் இதில் ஒரே சிக்கல். அதனால் இன்றே தேடுங்கள்.

இனி அடுத்த தைக்கு.

பாக்ஸ் ரெக்கார்டிங்கை நான் ஒரேயடியாக மட்டம்தட்ட மாட்டேன். தரத்தில் அதை வெல்ல வேறு வழி இல்லை. டிஷ்ஷிலிருந்து வருவது ஏற்கெனவே சுருக்கப்பட்ட டிஜிட்டல் ஓடை. பாக்ஸ் அதை விரித்து மறுபடி சுருக்குவதில்லை. வந்ததை வந்தபடியே டிரைவில் ஊற்றுகிறது. அதனால் நேரலையில் பார்த்ததற்கும் பதிவில் பார்ப்பதற்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்ப்பது, பார்த்ததும் அழிப்பது என்றால் இதுவே போதும். ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவருக்குத்தான் இது உதவாது.

இடக் கணக்கு சுலபம். ஒரு எச்டி சேனல் விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். 8 பிட் ஒரு பைட். ஆக விநாடிக்கு 1 எம்பி, மணிக்கு 3,600 எம்பி, அதாவது 3.6 ஜிபி. சேனலுக்குச் சேனல் இது கூடும், குறையும். அலங்காநல்லூர் காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை ஓடும். பத்து மணி நேரத்துக்கு 36 ஜிபி. உங்கள் 64 ஜிபி பென்டிரைவ் தாங்கியது ஆச்சரியமில்லை. ஆனால் மறுநாளும் போட்டிருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

பென்டிரைவைவிட ஹார்ட் டிஸ்க் நல்லது என்று வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர்தான். சுற்றும் தட்டுள்ள சில ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அது பற்றாது. 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் வரும், பாக்ஸ் "சாதனம் இல்லை" என்று சொல்லும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பை இடையில் போட்டதும் பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது. இல்லாவிட்டால் எஸ்எஸ்டி வாங்குங்கள். சுற்றும் பாகம் கிடையாது, கரண்டும் குறைவு.

டைமர் போட்டு ஏமாறுகிறவர்கள் இன்னொரு ரகம். நம் வீடுகளில் இரவு படுக்கும்போது டிவி சுவிட்ச்சை போர்டிலேயே அணைப்பது அப்பா காலத்துப் பழக்கம். டைமர் வேலை செய்ய பாக்ஸுக்கு ஸ்டாண்ட்பையிலாவது கரண்ட் வேண்டும். விடிகாலை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பதியச்சொல்லி டைமர் வைத்துவிட்டு, பத்து மணிக்கு மெயினை அணைத்தால் அழகர் இறங்குவார், பாக்ஸ் தூங்கும். சுவிட்ச் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி "தொடாதே" என்று எழுதிவையுங்கள். என் வீட்டில் அப்படித்தான். கரண்ட் கட்டுக்கு, கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ் போதும். பாக்ஸ் இழுப்பது கொஞ்சம்தான். நேரலைக்கு டைமர் வைக்கும்போது நிகழ்ச்சிப் பட்டியலில் இருக்கும் முடிவு நேரத்தை நம்பாதீர்கள். நம் ஊர்த் திருவிழா எதுவும் போட்ட நேரத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு மணி நேரம் தாராளமாகக் கூட்டிவையுங்கள்.

பாக்ஸில் ஒரே டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) என்றால் ரெக்கார்டு ஓடும்போது வேறு சேனல் பார்க்க முடியாமல் போகலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டியது இது. ரெக்கார்டிங் வசதிக்கே தனிக் கட்டணம் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. ரீசார்ஜ் முடிந்தால் பதிந்ததையும் பார்க்கவிடாத பாக்ஸ்கள் உண்டு. கேபிள் பாக்ஸும் இதே கதைதான். பின்னால் யூஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து ரெக்கார்டு வசதி இருக்கிறது என்று முடிவு கட்டவேண்டாம். வெறும் பாட்டு, போட்டோ பார்க்க மட்டும் வைத்திருப்பார்கள்.

அடுத்து எல்லோரும் போய் நிற்கும் இடம், எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கட்டைவிரல் அளவில் ஒரு சாதனம் தருவார்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறு முனையில் யூஎஸ்பி. பாக்ஸை இதில் மாட்டி, கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்தால் படம் வந்துவிடும் என்று சொல்லி விற்பார்கள். நீங்கள் மாட்டுவீர்கள். திரை கருப்பாக இருக்கும். கேபிளை மாற்றுவீர்கள், துளையை மாற்றுவீர்கள், சாஃப்ட்வேரைக் கழற்றி மறுபடி போடுவீர்கள். கருப்புதான்.

சாதனம் பழுதில்லை. பாக்ஸும் டிவியும் எச்டிஎம்ஐ கம்பி வழியாக முதலில் பேசிக்கொள்கின்றன. "நீ டிவிதானே? உன் அடையாளத்தைக் காட்டு" என்று பாக்ஸ் கேட்கும். டிவி காட்டும். பிறகு பாக்ஸ் படத்தை மறைகுறியாக்கி அனுப்பும், டிவி பிரித்துக் காட்டும். இன்டெல் உருவாக்கிய இந்த முறைக்கு எச்டிசிபி என்று பெயர். கேப்சர் கார்டிடம் அந்த அடையாளம் இல்லை. அதனால்தான் அதற்குப் படம் கிடைப்பதில்லை. சொந்த கேமராவை மாட்டினால் அதே கார்டில் படம் ஜம்மென்று வரும். விளையாடும் பசங்களின் கன்சோலில் எச்டிசிபியை அணைக்கும் வசதி உண்டு, அதுவும் வரும். கட்டண டிடிஎச் பாக்ஸில் அணைக்கும் வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

"இடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டா வந்துரும்ணே" என்று கடையில் ஒரு பையன் காதில் ஓதுவான். பூட்டை உடைக்கும் அந்த வழியை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பதைக் கீழே சட்டம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

பூட்டு இல்லாத பாக்ஸுக்கு இந்தக் கார்டு வாங்குகிறவர்களுக்காக இரண்டு விஷயம். அட்டையில் '4கே' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது உள்ளே வாங்கும் அளவு. மலிவான யூஎஸ்பி 2.0 கார்டுகள் கம்ப்யூட்டருக்குத் தருவது 1080, அதுவும் விநாடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம் வரைதான். நம் ஊர் ஒளிபரப்போ 50 என்ற கணக்கில் ஓடுவது. 50-ஐ 30-க்குள் அடைத்தால் காளை ஓடாது, தத்தும். ஓபிஎஸ்ஸில் 25 பிரேம் வையுங்கள். ஓட்டம் வழுவழுப்பாக வேண்டும் என்றால் 720 அளவில் 50 பிரேம் வையுங்கள். ஜல்லிக்கட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். இன்னொன்று சத்தம். பாக்ஸின் ஆடியோ செட்டிங்கில் டால்பி என்று இருந்தால் படம் வரும், சத்தம் வராது. அதை பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று மாற்றுங்கள்.

எச்டிஎம்ஐயில் ஓடுவது சுருக்கப்படாத படம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920-ஐ 1080-ஆல் பெருக்கி, புள்ளிக்கு மூன்று பைட், விநாடிக்கு 50 படம் என்று போட்டால் விநாடிக்கு 300 எம்பியைத் தாண்டும். அதைக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து மறுபடி சுருக்கவேண்டும். பழைய லேப்டாப் என்றால் காற்றாடி கூவும், பிரேம் விழும். பாக்ஸ் நோகாமல் செய்கிற வேலையை இங்கே நாம் முக்கி முக்கிச் செய்கிறோம்.

பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிள் ஞாபகம் இருக்கிறதா? பல எச்டி பாக்ஸ்களில் அந்த வெளியீடு இன்றும் உண்டு. மூன்று துளைகளாக இல்லாவிட்டால் ஹெட்போன் துளை மாதிரி ஒரு 3.5 மில்லிமீட்டர் துளையாக இருக்கும். நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி கேப்சர் ஸ்டிக்கை அதில் மாட்டி, நீங்கள் ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பதை பாக்ஸில் ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் பிடித்துப்பாருங்கள். சில பாக்ஸ்கள் இங்கும் தடுப்பு வைத்திருக்கும். படம் வெளிறும், துடிக்கும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். வந்தாலும் எச்டி கிடையாது. 720-க்கு 576 என்ற பழைய அளவுதான். சித்தப்பா காளையின் திமில் மேல் இருக்கும் மஞ்சள் துண்டு தெரியும், கொம்பில் எழுதிய எழுத்து தெரியாது. பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ள அது போதும் என்றால் போதும்.

அந்த 3.5 மில்லிமீட்டர் கேபிளில் ஒரு வில்லங்கம். எந்த வளையத்தில் படம், எதில் சத்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கடையில் வாங்கிய கேபிளை மாட்டினால் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வரும். மஞ்சள் பின்னில் வரவேண்டியது சிவப்பில் வந்திருக்கும். பின்களை மாற்றி மாற்றிச் செருகிப்பாருங்கள், கேபிளைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த வழி. பூட்டே இல்லாத ஒளிபரப்பைப் பிடிப்பது.

பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. அதில் வரும் சேனல்கள் பெரும்பாலும் பூட்டில்லாமலே வருகின்றன. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது இது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. மதுரையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கிற மாதிரிதான். அதனால் பக்கத்து வீட்டு மாடி மறைக்கிறது என்ற சண்டை நம் ஊரில் குறைவு. தென்னை மரம் இருந்தால் மட்டும் பார்க்கவேண்டும்.

கடையில் 'எஃப்டிஏ பாக்ஸ்', அதாவது பூட்டில்லாத இலவச சேனல்களைப் பிடிக்கும் பாக்ஸ் என்று கேளுங்கள். எம்பெக்-4, எச்டி என்று போட்டிருக்கவேண்டும். யூஎஸ்பி ரெக்கார்டிங் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஒரு பென்டிரைவைச் செருகி, இரண்டு நிமிடம் பதிந்து, அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச்சொல்லுங்கள். பெரும்பாலும் 'டிஎஸ்' என்ற பின்னொட்டோடு ஃபைல் இருக்கும். விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும். அண்ணனுக்கு அனுப்பலாம், டிஸ்க்கில் வைக்கலாம், பத்து வருடம் கழித்தும் திறக்கலாம். அந்த ஃபைல் உங்களுடையது.

இதன் குறையும் பெரிது. டிடி நேஷனல், டிடி நியூஸ் எச்டியில் வருகின்றன. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் போய் டிடி தமிழ் ஆனதே, அதை நான் பதிந்ததெல்லாம் எஸ்டியில், அதாவது எச்டிக்கு முந்தைய சாதாரணத் தரத்தில்தான். நமக்கு வேண்டிய தனியார் தமிழ் எச்டி சேனல்கள் இங்கே கிடைக்காது. ஆக பூட்டில்லாத இடத்தில் எச்டி குறைவு, எச்டி இருக்கிற இடத்தில் பூட்டு. இந்த இழுபறிக்கு நடுவில்தான் நாம் நிற்கிறோம்.

இங்கே ஒரு சின்னச் சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆன பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே போட்ட கணக்குப்படி எச்டியில் ஒரு மணி பத்து நிமிடம் வாக்கில் அந்த எல்லை வந்துவிடும். நல்ல பாக்ஸ் அடுத்த ஃபைலைத் தானாகத் தொடங்கும், மட்டமான பாக்ஸ் சத்தமில்லாமல் நின்றுவிடும். பாக்ஸ் ஏற்றுக்கொண்டால் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

இப்படிப் பிடித்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் நிறுத்திப் பார்த்தால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும். காளையின் கொம்பு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருக்கும். படம் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். நம் எச்டி ஒளிபரப்பில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று அனுப்புகிறார்கள். விநாடிக்கு 50 பாதி. இரண்டு பாதிக்கும் நடுவில் காளை ஒரு சாண் நகர்ந்துவிடுகிறது. சேர்த்துப் பார்த்தால் சீப்பு. விஎல்சியில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போடுங்கள், மறைந்துவிடும். வெட்டுவதற்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச சாஃப்ட்வேர் நல்லது. மறுபடி சுருக்காமல் வேண்டிய துண்டை மட்டும் நறுக்கித் தரும். பத்து மணி நேரத்திலிருந்து உங்கள் நாற்பது விநாடியை எடுக்க ஒரு நிமிடம் ஆகாது.

இணையத்தில் தேடினால் அமெரிக்க வீடியோக்கள்தான் வந்து குவியும்: "மாடியில் ஆன்டெனா வை, டியூனர் வாங்கு, எச்டியில் பதி." அவர்களுக்கு அது உண்மை. அங்கே உள்ளூர் நிலையங்கள் எச்டியை ஆன்டெனாவுக்குப் பூட்டில்லாமல் அனுப்புகின்றன. வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது தப்பில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1984-லேயே சோனி பீட்டாமேக்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி, காற்று மாறினால் இலங்கையின் ரூபவாஹினியும் கிடைத்த நம் காலம் மலையேறிவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்து மதுரையில் ஆன்டெனா வாங்காதீர்கள்; துணி காயப்போடத்தான் ஆகும்.

ஆப் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜியோ டிவி மாதிரியான ஆப்களில் பல சேனல்களுக்கு ஏழு நாள் வரை பின்னால் போய்ப் பார்க்கும் வசதி உண்டு. சன் நெக்ஸ்ட் போன்றவற்றில் தொடர்கள் அப்படியே கிடக்கின்றன. சீரியலுக்காக ரெக்கார்டு போடுகிறவர்கள் இனி போடவேண்டியதில்லை. ஆனால் டவுன்லோடு என்று அவர்கள் தருவது ஆப்புக்குள்ளேதான் இருக்கும். போனில் ஸ்கிரீன் ரெக்கார்டு போட்டால் இங்கும் அதே கருப்புத் திரைதான்.

டிவிக்கு முன்னால் போனைப் பிடித்து எடுப்பதை நான் கேலி செய்யமாட்டேன். பாக்ஸ் பூட்டு, கார்டு கருப்பு, ஏவியும் வராது என்றானபின் மிச்சம் அதுதான். செய்வதென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். விளக்கை அணையுங்கள், போனை ஸ்டாண்டில் வையுங்கள், டிவிக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். கிட்டே வைத்தால் திரையில் அலை அலையாகக் கோலம் விழும். போனில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 50-ல் ஒரு பங்கு என்று வையுங்கள், துடிப்பு பெரும்பாலும் அடங்கும்.

சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பதால் படித்துவைத்திருக்கிறேன். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 37-ஆம் பிரிவு ஒளிபரப்பாளருக்கு 25 வருட உரிமை தருகிறது. 39-ஆம் பிரிவு, பதிகிறவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவதை மீறலாகக் கருதுவதில்லை. ஆக வீட்டில் பதிந்து வீட்டில் பார்ப்பதில் பயமில்லை. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவுதான் வேறு மாதிரி. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. நோக்கம் என்ற சொல் இருக்கிறதே என்று வாதாடலாம். அந்த வாதத்தை உங்கள் செலவில் கோர்ட்டில் வைக்க நான் உங்களைத் தூண்டமாட்டேன், ஸ்ப்ளிட்டர் பேச்சை எடுக்காததும் அதனால்தான். பதிந்ததை யூடியூப்பில் ஏற்றுவதும் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் விடுவதும் சொந்த உபயோகம் ஆகாது. யூடியூப்பின் தானியங்கிச் சோதனை ஏற்றும்போதே கண்டுபிடித்துவிடக்கூடும்.

இவ்வளவும் சொன்னபிறகு என் அபிப்பிராயம்: உங்கள் தேவைக்கு டிவியைப் பதிவதே சுற்றுவழி. சேனல் கேமரா மேடையையும் அமைச்சரையும் பிரைஸ் அண்டாவையும் காட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் காளை இறங்கிப் போயிருக்கும். விளம்பரம் வந்தால் கதை முடிந்தது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைப் பார்த்தே கேமரா வைத்து, இறங்குகிற மாட்டையெல்லாம் எடுக்கிற வீடியோக்காரர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள்தான், அன்றைக்கு மட்டும் இது. அவர்களில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, காளையின் நெற்றியை அடையாளத்துக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்துவையுங்கள். கேமரா கார்டில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலையே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிப் பென்டிரைவை நீட்டுங்கள். டிஷ், பாக்ஸ், பூட்டு எதுவும் வழியில் குறுக்கிடாத எச்டி அதுதான். கூலி கொடுத்து எடுத்த படம் எதற்கு உபயோகம் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

டிவி பதிவும் கூடவே இருக்கட்டும், வர்ணனையாளர் சித்தப்பா பேரை மைக்கில் சொல்வது அதில்தான் கிடைக்கும். ஆனால் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஏதாவது ஒரு நிகழ்ச்சியை முழுதாக மூன்று மணி நேரம் பதிந்து, கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். டிஸ்க் பத்துமா, கரண்ட் நிற்குமா, ஃபைல் 4 ஜிபியில் அறுகிறதா எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அன்றைக்குக் காளை எந்தச் சுற்றில், எத்தனை மணி வாக்கில் இறங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிப் பென்டிரைவோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் 36 ஜிபிக்குள் ஒரு காளையைத் தேடவேண்டியிருக்கும்.

பழைய பென்டிரைவைப் பொறுத்தவரை, அந்த பாக்ஸ் இருக்கும்வரை அதிலேயே போட்டுப் பாருங்கள். ஏவி ஸ்டிக்கில் ஒரு நகல் வருகிறதா என்று இந்த வாரமே முயன்றுவிடுங்கள். கம்பெனி ஆள் பாக்ஸ் மாற்ற வந்தால், நகல் எடுக்கும்வரை கழற்றவிடாதீர்கள்.